இருபத்தைந்தாவது பட்டி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கைக்கு வந்தது. என் மேசை இழுப்பறையில் கட்டம் போட்ட ஒரு தாள் கவிழ்ந்து கிடக்கிறது. தெல்மா கொடுத்தாள். இன்னும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லாதவர்கள் செய்கிற வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்: அதைப் பற்றி எழுதுகிறேன்.

தொடக்கத்துக்கே நான்கு நாள் போயிற்று.

"தெல்மா தன் வாழ்நாளில் யாருக்கும் விடை சொன்னதில்லை." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். முறைப்படி கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"அந்த வருடம் லாங்ஃபோர்டில் ஆட்டுக்குட்டிகள் சீக்கிரமே பிறந்து, புல்வெளியெங்கும்" (எனக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும்? டெஸ் இருந்திருந்தால் இந்த வரியைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான்.)

"டெஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி நாய் ஓட்டிக்கொண்டிருந்தான்." இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை.

(டெஸ்ஸுக்கு எழுபத்தாறு, தெல்மாவுக்கு எழுபத்தொன்று. அவன் இவள் என்று எழுதுகிறேனே என்று கோபிக்காதீர்கள். எங்கள் மேசையில் எல்லோரும் ஒருமைதான். வயதை வாசலில் குடையோடு விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம்.)

2

மேசை என்றால் எங்கள் ஊர் லாங்ஃபோர்ட் நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை பத்து மணிக்குக் கூடுகிற புதிர் மேசை. ஐந்தாறு பேர், ஒரு கெட்டில், ஆளுக்கொரு பென்சில். பதினாறு வருடமாக நான் அங்கே உட்கார்கிறேன்.

புதிர் கொண்டுவருகிறவள் தெல்மா. ஒரு பல் மருத்துவரின் வரவேற்பில் முப்பது வருடம் இருந்தவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர்களைப் பார்க்கச் சகிக்காமல் எதிர்ச் சுவரில் ஒரு புதிரை எழுதி ஒட்டினாள். ஒருவர் தன் முறை வந்ததும் எழுந்து போகாமல், "இருங்க, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றாராம். அன்றிலிருந்து ஒட்டுவதை நிறுத்தவில்லை. வலிக்குக் கணக்கைப் போல மருந்து கிடையாது என்று நம்பினாள். இந்த நம்பிக்கையை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேசைக்கு ஒரே ஒரு விதி. தாள் நிமிர்ந்திருக்கும்வரை யாரும் விடை சொல்லக் கூடாது. கெஞ்சினாலும் கூடாது, திட்டினாலும் கூடாது. தோற்றவர் தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்துவிட்டால் விடை தெரிந்தவர் சொல்லியே தீர வேண்டும்.

விதியைக் கொண்டுவந்தது தெல்மா இல்லை, டெஸ்.* ஒருநாள் அவன் நச்சரிப்புத் தாங்காமல் தெல்மா விடையைச் சொல்லிவிட்டாள். ஆறு வாரம் அவன் அவளோடு பேசவில்லை. ஏழாவது வாரம் வந்து உட்கார்ந்து, "என் சாப்பாட்ட நீ மென்னு குடுத்த மாதிரி இருந்துச்சு. இனிமே நான் கேட்டாக்கூடச் சொல்லாத. தாளக் கவுத்தா மட்டும் சொல்லு" என்றான். பதினாறு வருடத்தில் அவன் கவிழ்த்து நான் பார்த்ததில்லை.

* முதல் வரைவில் விதியைத் தெல்மாவின் தலையில் கட்டியிருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பது ஏழாம் பகுதியில் எனக்கே புரிகிறது.

3

டெஸ் ஆயுள் முழுக்க ஆட்டோடு இருந்தவன். கணையத்தில் புற்று என்றார்கள். பக்கத்து நகரமான லான்செஸ்டனில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை தெல்மா அவனுக்கென்றே ஒரு புதிரை எடுத்துப் போனாள்:

ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து பட்டிகள். பக்கத்துப் பக்கத்துப் பட்டிக்கும் மேல் கீழ்ப் பட்டிக்கும் நடுவே கதவு உண்டு. மூலைக்கு மூலை கிடையாது. நாய் மேல் வரிசையில், மூலைக்கு அடுத்த பட்டியில் நிற்கிறது. எல்லாப் பட்டிகளுக்கும் அது போக வேண்டும். போன பட்டிக்குள் மறுபடி நுழையக் கூடாது. எந்த வழி?

(இங்கே நிறுத்திவிட்டு உங்களை ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் மரியாதை. சொல்ல மாட்டேன். இனி யாரையும் காக்கவைக்க எனக்குத் தெம்பில்லை. உங்கள் தாள் நிமிர்ந்தே இருந்தாலும் விடையைச் சொல்கிறேன்.)

வழி இல்லை. பட்டிகளுக்குச் சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றிக் கறுப்பு வெள்ளை அடியுங்கள், மூலை கறுப்பாக இருக்கட்டும். கறுப்பு பதின்மூன்று, வெள்ளை பன்னிரண்டு. நாய் வெள்ளையிலிருந்து கறுப்புக்குத்தான் போக முடியும், கறுப்பிலிருந்து வெள்ளைக்குத்தான். அது நிற்பதோ வெள்ளையில். பன்னிரண்டு வெள்ளையும் தீரும்போது பன்னிரண்டு கறுப்புத்தான் தீர்ந்திருக்கும். ஒரு கறுப்புப் பட்டி எப்போதும் மிச்சம். மூலையிலிருந்து கிளம்பியிருந்தால் பிள்ளை விளையாட்டு. அடுத்த பட்டியிலிருந்து கிளம்பினால் எந்தக் காலத்திலும் நடக்காது.

அவ்வளவுதான். சொல்லி முடிக்க அரைக் கோப்பைத் தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. தெல்மாவுக்குப் பதினோரு நாள் இருந்தது.

'எந்த வழி?' என்று கேட்டது ஏமாற்று இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். புதிர் போடுகிறவர்களின் பழக்கம் அது. 'முடியுமா?' என்று கேட்டால் அந்தக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். மேசையில் இருப்பவர்கள் அரைமணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே சந்தேகப்படுவார்கள், பிறகு ஆளாளுக்குக் கத்துவார்கள். அந்தச் சந்தேகம் கூட்டத்தில் வருவது. கட்டிலில் தனியாகக் கிடக்கிறவன் தன்னைத்தான் சந்தேகப்படுவான் என்று தெல்மாவுக்குத் தோன்றவில்லை.

4

இரண்டாவது வியாழக்கிழமை. மதியம் மூன்று மணி. தாள் சாப்பாட்டுப் பலகையில் கிளிப் போட்டு நிமிர்ந்தே இருந்தது. அழித்து அழித்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது.

"ஏ தெல்மா, உன் நாய்க்கு மூளையே கெடையாதா? எப்பிடி ஓட்டுனாலும் ஒரு பட்டிய விட்டுட்டு வந்து வால ஆட்டுது."

"நாய் என்ன பண்ணும், ஓட்டறவன் லட்சணம் அப்பிடி."

"நாய் ஓட்டறதப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? பல்லு புடுங்கற எடத்துல டோக்கன் குடுத்தவ நீ."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான், பாதியில் வலி வந்து நிறுத்திக்கொண்டான். பிறகு பென்சிலைக் கீழே வைத்தான்.

"சரி, கேலி இருக்கட்டும். விடை வேணாம் எனக்கு. நான் எங்க தப்புப் பண்றேன்னு மட்டும் சொல்லு."

இந்த இடத்தில் தெல்மாவின் மனதுக்குள் போக வேண்டும். நான் பலமுறை போய்ப் பார்த்துவிட்டேன். அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. விடை கேட்பார்கள், குறிப்புக் கேட்பார்கள். எங்கே தப்பு என்று கேட்டால் என்ன சொல்வது? நீ தப்பே பண்ணவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதுதானே விடை! தாள் நிமிர்ந்திருக்கிறது. ஆறு வாரம் பேசாமல் இருந்தவன் இவன். இருக்கிற நாளில் இவனோடு ஆறு நாள்கூடப் பேசாமல் இருக்க அவளால் முடியாது.

"செஸ் போர்டு மாதிரி நெனச்சுப் பாரு" என்றாள்.

"நான் எங்க செஸ் ஆடுனேன்? அதுல குதிரை இருக்கும்னு தெரியும், அவ்வளவுதான்." தாளை விரலால் தட்டினான். "அறுவது வருஷமா ஆட்ட ஓட்டறேன் தெல்மா. ஒத்த ஆடு கொறஞ்சாலும் திரும்பிப் போய்த் தேடிக் கொண்டாந்துருவேன். இப்ப எந்திரிச்சுப் போக முடியல பாரு, அதான் இது இப்பிடி வாட்டுது."

தெல்மா அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தாள், சீண்டினாள்.

"சனிக்கெழமை மேசை முடிஞ்சதும் நேரா இங்க வர்றேன். அதுவரைக்கும் தாளக் கவுக்காம இருக்கியான்னு பாக்கறேன்."

"நானா? கவுக்கறதா? போடி."

5

முடிவு மூன்று எழுதினேன்.

(அ) தெல்மா காரில் ஏறி, சாவியைத் திருகி, இறங்கிவிடுகிறாள். மாடிக்கு ஓடி வருகிறாள். "டெஸ், நீ தப்பே பண்ணல. வழியே கெடையாது!" அவன் வாயைப் பிளந்து, "அடிப்பாவி!" என்று கத்துகிறான். பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொள்கிறார். டெஸ் சிரித்துச் சிரித்து

(இதை எழுதும்போது அழுதுவிட்டேன். அதனாலேயே சந்தேகம் வந்தது. தெல்மா காரை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தாள்.)

(ஆ) வெள்ளிக்கிழமை டெஸ் பட்டிகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று கறுப்படிக்கிறான். எண்ணுகிறான். தனக்குத் தானே தலையாட்டிக்கொள்கிறான். நடந்திருக்கலாம். அவன் முட்டாள் இல்லை. ஆனால் இதை அவனுக்காக எழுதவில்லை, நான் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக எழுதினேன்.

(இ) சனிக்கிழமை மேசை பத்துக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிந்தது. சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை சாப்பிட்டோம். தெல்மா போய்ச் சேரும்போது கட்டிலுக்கு விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

"பத்தரை மணிக்குப் போயிட்டாரும்மா. தூக்கத்துலதான்" என்றாள் நர்ஸ்.

பத்தரைக்கு நாங்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தோம். தாள் பலகையின் மேல் கிளிப் இல்லாமல் இருந்தது. கவிழ்ந்து இருந்தது.

"இத அவரே கவுத்து வெச்சாரா, நீங்க வெச்சீங்களா?"

"தெரியலையேம்மா. காலைல நான்தான் பலகையத் தொடச்சேன். எடுத்து வெச்சிருப்பேன். இல்ல, அப்பவே அப்பிடித்தான் இருந்துச்சோ என்னவோ. ஏம்மா, முக்கியமா?"

"இல்ல" என்றாள் தெல்மா.

நர்ஸ் போனதும் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கவிழ்த்துவிட்டால் சொல்லியே தீர வேண்டும். காலிக் கட்டிலைப் பார்த்து முழுவதும் சொன்னாள், பதின்மூன்று, பன்னிரண்டு, எல்லாம். "உன் மேல தப்பே இல்ல டெஸ்" என்று கடைசியாகச் சொன்னாள். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

6

உயிரோடு இருக்கிறவளைப் பற்றி எழுதினால் அவளிடம் காட்ட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை காட்டினேன். தன் அடுக்களையில் உட்கார்ந்து, லாமிங்டன் கேக்கை எனக்குத் தள்ளிவிட்டு, புதிரைப் படிப்பதைப் போலவே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"காலிக் கட்டில்கிட்டப் பேசுனேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா எழுதினது. வேணாம்னா எடுத்துடறேன்."

எழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அது கொதித்து அடங்கும்வரை எனக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள் பிறகு. "எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க. புதன்கெழமை எங்க?"

"எந்தப் புதன்?"

"நடிக்காத. உன்கிட்டயும் கேட்டான்ல? என்கிட்டச் சொன்னான். 'எழுத்தாளர்கிட்டக் கேட்டேன், ஆளு நழுவிட்டாரு'ன்னு. என்னைய மட்டும் கட்டில் பக்கத்துல உக்கார வெச்சிருக்க. நீ எங்க போன?"

லாமிங்டனைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். தெல்மா உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்து, கவிழ்ந்த வாக்கிலேயே என் முன்னால் வைத்தாள். "என்னால இதத் திருப்ப முடியல. நீ வெச்சுக்க." (இந்தக் கதையின் முதல் பத்தியை அதற்குப் பிறகுதான் எழுதி முன்னால் சேர்த்தேன்.)

7

அந்த வியாழனுக்கு முந்தின புதன்கிழமை.

நான் போனபோது டெஸ் நாய் ஓட்டிக்கொண்டிருந்தான். "வாங்க எழுத்தாளரே" என்றான், கேலி மரியாதையோடு. கொஞ்ச நேரம் கழித்து, "நான் எங்க தப்புப் பண்றேன்?" என்றான். ஒரு பழைய புத்தகத்தில் படித்து எனக்கு அந்தப் புதிர் நாலு வருடமாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன். "தெல்மா புதிர் இது, அவகிட்டயே கேளு" என்றேன். அவன் தலையாட்டினான். மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினேன்.

தெல்மாவைத் தடுத்தது விதி. என்னைத் தடுத்தது விதி இல்லை. சாகப்போகிறவனிடம் 'முடியாது' என்ற சொல்லைச் சொல்லப் பயந்தேன், அவ்வளவுதான். அவன் கேட்டது நாயைப் பற்றி மட்டுமோ இல்லையோ என்று பயந்தேன். நான் கோழை. அதை மூடி மறைக்க ஆறு பகுதி எழுதி, அத்தனையையும் ஒரு நல்ல பெண்ணின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன். வருந்துகிறேன் தெல்மா.

இழுப்பறையைத் திறந்தேன். தாள் இருக்கிறது. மறுபக்கம் கறுப்படித்த பட்டிகள் இருந்தால் (ஆ) உண்மை. இருபத்துநான்கு பட்டிகளும் ஒரு மிச்சமும் மட்டும் இருந்தால் அவன் தன்னையே குறை சொல்லிக்கொண்டு போனான். திருப்பினால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். இழுப்பறையை மூடிவிட்டேன்.

முடிவு எனக்கு வரவில்லை. எப்படி ஓட்டினாலும் ஒன்று மிச்சம் நிற்கிறது. அதனால் இந்தப் பக்கங்களை அடுக்கி, உங்கள் முன்னால் கவிழ்த்து வைக்கிறேன். எங்கள் மேசையில் கவிழ்த்து வைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். தெரிந்தவர்கள் சொல்லியே தீர வேண்டும்.

விடை வேண்டாம் எனக்கு. நான் எங்கே தப்புப் பண்ணினேன் என்று மட்டும் சொல்லுங்கள்.