எத்தனை சுற்று பாக்கி

போர்வையை நாலாவது முறையும் உதைத்துத் தள்ளினார் அப்பா. மகள் அதைக் குனிந்து எடுப்பதற்குள் கால்கள் மறுபடி கிளம்பிவிட்டன. ஆள் மல்லாந்து படுத்திருக்கிறார். கால் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

"கால லேசா கட்டிரலாமாக்கா? கட்டில்ல இடிச்சுக்குவாரு" என்றாள் நர்ஸ்.

"நாட்டுல ஒருத்தராலயும் பிடிக்க முடியாத காலும்மா அது. நீ துணியால கட்டப் போறியா?"

பத்தாயிரம் மீட்டரில் ஆறு வருஷம் தேசிய சாம்பியன். இரண்டாவதாக ஓடுகிறவர் வந்து சேர்வதற்குள் குளித்து, தலை துவட்டி, பேப்பரில் பாதியை வாசித்து முடித்திருப்பாராம். பேப்பர் சமாச்சாரம் பொய், குளித்தது நிஜம். திடீரென்று ஒருநாள் கோப்பைகளையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டு, பைபிளும் ஒரு மாற்றுச் சட்டையுமாக ஊழியத்துக்குக் கிளம்பியவர், முப்பது வருஷம் மலைமலையாக நடந்தார். அவரிடம் ஞானஸ்நானம் எடுத்தவர்களில் பாதிப் பேர் ஓடித் தப்பிக்க முடியாமல் மாட்டியவர்கள் என்று சித்தப்பா இன்றைக்கும் சத்தியம் செய்வார். அதன்பின் சேர்ந்தாற்போல் பத்து நாள் அப்பா வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை.

"பாப்பா... எத்தனை பாக்கி?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

எட்டு வயதில் மைதானத்தின் ஓரம் நின்று அவருக்குச் சுற்று எண்ணியவள் அவள்தான். மொத்தம் இருபத்தைந்து. ஓடுகிறவனே எண்ணினால் மூச்சு சிதறிவிடும் என்பார். அவள் சொன்ன எண்ணுக்கு மறுபேச்சு கிடையாது.

"நாலுப்பா."

காலையிலும் நாலு என்றுதான் சொல்லியிருந்தாள். தம்பி வந்து சேர வேண்டும். 'ஊருக்கெல்லாம் அப்பா, எங்களுக்கு மட்டும் விருந்தாளி' என்று கத்திவிட்டுப் போய்ப் பதினோரு வருஷமாக அப்பாவிடம் பேசாதவன், நேற்று போனில் 'வரேன்' என்றிருந்தான். அந்த ஒரு சொல்லுக்காக அப்பாவை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக அவள் நடந்த நடையைச் சேர்த்தால் அதுவே பத்தாயிரம் மீட்டர் தேறும்.

போன் அடித்தது.

"பாலத்துல லாரி கவுந்து கெடக்குக்கா. பஸ் நகரல. எப்படி இருக்காரு?"

"இன்னும் நிக்கல."

"நான் எறங்கி ஓடியே வரேன். ஆறு கிலோமீட்டர்தான்."

"நீயா? பஸ் ஏறவே மூச்சு வாங்குற ஆளுடா நீ."

"பிடிச்சு வைக்கா அவர."

"உங்கப்பன யாருடா இதுவரைக்கும் பிடிச்சு வச்சிருக்கா?"

போனில் அவன் ஓடும் செருப்புச் சத்தம் கேட்டு, அதுவும் அறுந்தது.

"பாப்பா... எத்தனை?"

குரல் வெறும் காற்றாகிவிட்டது. உதடு வெடித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் தனித்தனியாக எழுந்து விழுந்தன. நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு என்று சொல்லத்தான் மகள் வாயெடுத்தாள். அப்பாவின் முகம் அவள் பக்கம் திரும்பி, கொஞ்சமும் சந்தேகமில்லாமல் காத்திருந்தது.

"கடைசிச் சுத்துப்பா" என்றாள்.

அவர் தலையசைத்தார். கால்கள் வேகமெடுத்தன. கட்டில் கிறீச்சிட்டுச் சுவரில் மோதியது. பிடிக்க வந்த நர்ஸின் கையை அவள் விலக்கினாள். கொஞ்ச நேரத்தில் இடது கால் நின்றது. பிறகு வலது.

அரைமணி கழித்து மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்து கைப்பிடிச் சுவரில் குனிந்தாள். செருப்பில்லாமல், சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து தம்பி வந்துகொண்டிருந்தான்.

"மெதுவா வாடா" என்றாள். "மெதுவாவே ஏறி வா."

ஒரு காலை மேல்படியில் வைத்தபடி அவன் நின்றான்.