முதலை இடது பக்கம்

ஒன்றாம் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்தால் படக்காரம்மாவின் முழங்கால் தாடையில் இடித்தது. எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"உங்களுக்குக் கால்ல சக்கரமா? பசங்களே தேவலை" என்றார் டீச்சர்.

இருப்புக்கொள்ளாததற்குக் காரணம் இருந்தது. ஒரு கோழியும் முதலையும் சிநேகமாகும் பதினாறு பக்கப் படக்கதை. அவளே எழுதி வரைந்தது, இரண்டு வருஷ உழைப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இன்று அதைக் கடைசிப் பக்கம் வரை தாங்களாகவே படித்தால் அச்சுக்குப் போகும். பாதியில் மூடி வைத்தால் பதிப்பகத்தின் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அடிக்கிற பேனா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பதிப்பக ஆலோசகரின் சட்டைப் பையில் இருந்தது.

ஆலோசகர் முப்பது வருஷமாகக் குழந்தைகளைப் பற்றிப் பேசி வருபவர். குழந்தைகளோடு பேசியிருக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை. படத்தில் வாயருகே வசனம் எழுதும் பேச்சுக் குமிழ் ஒன்றுக்குள் நான்கு சொல்லுக்கு மேல் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நேற்று இன்னொன்றும் போட்டார்.

"பலசாலி எப்பவும் இடது பக்கம் நிக்கணும்மா. குழந்தையோட கண் அங்கதான் முதல்ல விழும். ஆய்வு சொல்லுது."

எந்த ஆய்வு என்று கேட்க வாயெடுத்தவள், பட்டியலை நினைத்து மூடிக்கொண்டாள். இன்று காலை அரக்கப்பரக்கக் கணினியில் எல்லாப் படங்களையும் இடவலமாகத் திருப்பினாள். முதலை இடது பக்கம் வந்தது. அச்செடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, ஓடி வந்தாள்.

பிள்ளைகள் கைக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. படம் திரும்பியிருந்தது, பேச்சுக் குமிழ்கள் திரும்பவில்லை. முதலை பேசவேண்டியதெல்லாம் கோழி வாயில். கோழி பேசவேண்டியதெல்லாம் முதலை வாயில்.

டீச்சரின் காதருகே குனிந்தாள். "டீச்சர், அதை வாங்கிடலாமா? ஒரு சின்னத் திருத்தம்."

"இப்பப் பிடுங்கினா கூரை பறக்கிற மாதிரி அழுவாங்க. பேசாம இருங்க."

இரட்டைச் சடைக்காரி விரல் வைத்துப் படித்தாள். "உன்... னை... முழுங்கப்... போறேன்." குமிழின் வாலைப் பிடித்துக்கொண்டு இறங்கிய விரல் கோழியில் போய் நின்றது.

"கோழியா முழுங்கும்?" என்றான் பக்கத்துப் பையன்.

"முதலை என்ன சொல்லுது பாரு. ஐயோ... விட்டுடு."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. மூன்றாம் பக்கத்தில், வாயெல்லாம் பல்லாக நின்ற முதலை கோழியைப் பார்த்து "பல் தேய்ச்சியா?" என்று கேட்டது. "மறந்துட்டேன்" என்றது கோழி. பாதி வகுப்பு நாற்காலியிலிருந்து தரைக்கு வந்துவிட்டது.

"அதுக்கு ஏதுடா பல்லு?"

"அதான் மறந்துபோச்சு."

இரண்டு வருஷம் மண்டையை உடைத்தும் இப்படி ஒன்று தனக்குத் தோன்றவில்லையே என்று படக்காரம்மாவுக்குத் தன் தப்பின் மேலேயே கொஞ்சம் பொறாமை வந்தது. ஆலோசகரின் பேனாவைப் பார்த்தாள். அது இன்னும் பையில்தான் இருந்தது. பிள்ளைகள் பதினாறாம் பக்கம் முடித்து, யாரும் சொல்லாமல் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்கள்.

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "இதைத்தான் எதிர்பார்த்தேன். வலியது மெலியதாதல், மெலியது வலியதாதல்."

"சார், அது தப்பு. குமிழைத் திருப்ப மறந்துட்டேன்."

"தப்புன்னு சொல்லாதீங்க, உத்தின்னு சொல்லுங்க. எட்டாம் பக்கத்துல முதலை 'முட்டை போடணும், திரும்பிக்கோ'ங்குது. முதலையும் முட்டைதானே போடும்? அறிவியலும் இடிக்கல." பேனா வெளியே வந்தது. பட்டியலில் சரி என்று ஒரு குறி விழுந்தது. "ஆரம்பத்துல என் முன்னுரை ஒண்ணு இருக்கட்டும். மூணு பக்கம் போதும்."

படக்காரம்மா அந்த முழங்கால் உயர நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தாள்.

"தாராளமா சார். ஆனா படக்கதையில்லையா, குமிழுக்குள்ளதான் போட முடியும். எத்தனை சொல்லுன்னு உங்களுக்கே தெரியும்."

"நாலா?"

"உங்க சட்டம்தானே."

ஆலோசகர் உதட்டை அசைத்து விரல் விட்டு எண்ணினார். பட்டங்களோடு சேர்த்து அவர் பெயரே ஆறு சொல் வந்தது. ஒரு பட்டத்தை விட்டுவிட்டு எண்ணினார். ஜன்னல் வரை போய், திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

இரட்டைச் சடைக்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அவருக்கு இன்னும் எழுத்துக்கூட்ட வரலியா?"