சொத்தைப் பல்லின் நேர்காணல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அக்கா வீட்டில். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டு" என்றாள். ஆகவே:

ஒல்லியான நூலகர் ஒருத்தி, கணினியின் முன் அமர்ந்து, விதியின் வாசலில்...

(வேண்டாம். விதி, வாசல் எல்லாம் அந்தச் சின்ன மேசை தாங்காது.)

2

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரே கணினி. அக்காவுக்கு ஒரு பிரவுசர், பல் டாக்டரான அத்தானுக்கு வேறொன்று. எந்த லிங்க்கைத் தொட்டாலும் தன்னுடையதே திறக்கும்படி அவள் அமைத்து வைப்பாள். மறுநாள் பார்த்தால் அவர் மாற்றியிருப்பார். ஒரு வருஷமாக இதே கூத்து.

"என்னோடதுதான் வேகம்" என்பார் அத்தான்.

"செஸ் ஆடறதுக்கு என்ன வேகம் வேண்டிக்கிடக்கு?"

3

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் நேர்காணல். தலைமை நூலகர் பதவி. பதினோரு வருஷமாக அவள் கண் வைத்திருந்தது. மெயிலில் வந்த லிங்க்கைத் தொட்டாள். அத்தானின் பிரவுசர் திறந்தது. அதில் அவர் கேமராவைத் தடுத்து வைத்திருந்தார். அவள் முகத்துக்குப் பதில் அவர் பெயரும், அவர் ஆசையாக வைத்திருந்த சொத்தைக் கடைவாய்ப்பல் படமும்தான் தெரிந்தன.

"வணக்கம் டாக்டர். ஆளைக் காணோம், பல்லு மட்டும் தெரியுதே?" என்றார் குழுத் தலைவர்.

(இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன். பேனா மறுத்துவிட்டது. அழுகிற ரகமில்லை அவள்.)

அவள் திரைக்கு அருகே குனிந்தாள். "சார், அது எங்க வீட்டுக்காரரோட பல்லு... இல்ல, அவர் வைத்தியம் பாத்த பல்லு. நான்தான் நூலகர். ரெண்டு நிமிஷம் குடுங்க, சரிபண்ணிடறேன்."

"நேரமில்லம்மா. அப்படியே பேசுங்க."

முப்பத்தைந்து நிமிஷம்* அந்தப் பல் பேசியது. குழந்தைகள் பிரிவுக்குத் தாழ்வான அலமாரி ஏன் வேண்டும் என்று விளக்கியது. நனைந்த புத்தகங்களை உலர்த்தும் விதத்தைச் சொன்னது.

குழுவில் இருந்த அம்மையார் சிரித்தார். "இவ்வளவு தெளிவாப் பேசற பல்லை நான் பாத்ததே இல்ல."

* அக்கா ஐம்பது என்கிறாள், அத்தான் இருபது என்கிறார். நடுவில் போட்டேன்.

4

வேலை கிடைத்துவிட்டது.

"பாத்தியா, என் பிரவுசர் வாங்கிக் குடுத்த வேலை!"

"என் வாய் வாங்கிக் குடுத்ததுங்க!"

போன வாரம் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, பழைய அமைப்பையெல்லாம் மறந்துவிட்டு, எந்தப் பிரவுசரை நிரந்தரமாக வைப்பது என்று முதலிலிருந்து கேட்டது. மவுஸின் மேல் இரண்டு கைகள்.

அத்தான் விட்டுக்கொடுத்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். "நானா?" என்று அந்த வரியை அடித்துவிட்டார். இன்னொரு கணினி வாங்கினார்கள் என்று எழுதினேன். "எங்க வைக்கறது, உன் தலையிலயா?" என்றாள் அக்கா. பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு" என்றார்கள்.

ஞாயிறுதோறும் எனக்கு அங்கேதான் சாப்பாடு. அக்கா சமைப்பாள், அத்தான் பரிமாறுவார்.

ஆகவே வாசகரே, மவுஸை உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். தயங்காமல் அழுத்துங்கள். நீங்கள் அங்கே சாப்பிடப் போவதில்லையே.