பச்சைக் கரை, சிவப்புக் கரை

பிரசேனனின் மீசைக்கு ஆபத்து என்று ஜலஜாவுக்குத் தெரியவந்தபோது அவள் கையில் பாதி உரித்த சின்ன வெங்காயம் இருந்தது.

"யார்கிட்ட பந்தயம் கட்டினீங்க?"

"கிளீட்டஸ்கிட்ட. டீக்கடையில, எல்லார் முன்னாடியும்." பிரசேனன் மீசையின் வலது நுனியைத் தடவிக்கொண்டான். அது நல்ல மீசை. இரண்டு பக்கமும் வள்ளத்தின் மூக்கு மாதிரி மேலே வளைந்து நிற்கும். "திருவோணத்துக்கு மறுநாள், அவிட்டத்தன்னிக்கு மேட்ச்ல தோத்த கேப்டன் கிரவுண்டுலேயே மீசையை எடுக்கணும். சலூன் சுகு கத்தியோட வந்து நிப்பான்."

ஜலஜா வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

மீசை இல்லாத பிரசேனனை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் குளவி கொட்டி உதடு வீங்கியபோது மருத்துவமனையில் மழித்துவிட்டார்கள். அன்று கட்டிலில் படுத்திருந்தது அவள் புருஷன் அல்ல. அவனுடைய அக்கா சௌதாமினி. அதே மேலுதடு, அதே கண்டிப்பு. ஊரில் நாய்கூட சௌதாமினி சேச்சி வந்தால் எழுந்து நிற்கும். மீசை வளர்ந்து முடியும்வரை ஜலஜா புருஷனிடம் ஒரு சண்டைகூடப் போடவில்லை. போட வாய் வரவில்லை.

"உங்களுக்கு அறிவிருக்கா சேட்டா? கிளீட்டஸ் சேட்டன் டீம் போன ஓணத்துல உங்களைத் துவைச்சுக் காயப்போட்டாங்க."

"இந்த ஓணத்துக்குப் பாய் புதுசு." பிரசேனன் குரலைத் தாழ்த்தினான். "அதை நெய்யறது நீ."

விஷயம் அதுதான். காயல்புறம் கிளப்பும் கடப்புறம் கிளப்பும் ஆண்டுதோறும் கிரிக்கெட்டில் மோதுவது கயிற்றுப்பாய் விரித்த ஆடுகளத்தில். பழைய பாயைக் கரையான் தின்றுவிட, இரண்டு கிளப்பும் சேர்ந்து கயிறு சங்கத்தில் புதுப்பாய்க்குச் சொல்லியிருந்தன. சேர்ந்து சொன்னார்களே தவிர எந்தச் சாயம் என்பதில் சேரவில்லை. கடைசியில் ஒரு கரை பச்சை, பிரசேனனின் காயல்புறத்துக்கு. மறு கரை சிவப்பு, கிளீட்டஸின் கடப்புறத்துக்கு. நடுவெல்லாம் நாரின் சொந்த நிறம்.

"பச்சைக் கரை உன் கைப்பக்கம்தானே வரும்? அந்தப் பாதியை மட்டும் கொஞ்சம் தளர்வா நெய்யி. தளர்ந்த பாயில பந்து எழும்பாது, தரையோட போகும். நான் பச்சைப் பாதியா பார்த்துப் போடுவேன். எவனுக்கும் தெரியாது."

"அது கள்ளத்தனம்."

"மீசை, ஜலஜே."

மறுநாள் காலை அவள் எழுவதற்கு முன்பே அடுப்படியில் கட்டன் சாயாவும் சூடான பழம்பொரியும் காத்திருந்தன. படகுத்துறையில் படகோட்டுகிற பிரசேனன் அதிகாலையில் கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தான். ஜலஜா பழம்பொரியைத் தின்றபடி அவன் மீசையைப் பார்த்தாள். பிறகு சௌதாமினி சேச்சியை நினைத்தாள்.

"சரி," என்றாள்.

அகலத் தறியில் இரண்டு பேர் நிற்க வேண்டும். காயல் பக்கத்து ஜன்னலோரம் ஜலஜா. கடல் பக்கத்து வாசலோரம் ரெஜீனா. குறுக்கே போகிற ஊடைக் கயிறு சுற்றிய ஓடத்தை இவள் தள்ளினால் அவள் பிடிப்பாள். பிறகு இருவரும் சேர்ந்து அச்சுப்பலகையைப் பிடித்து இழுத்து ஊடையை அடித்து இறுக்குவார்கள். அவள் தள்ளுவாள், இவள் பிடிப்பாள். மறுபடி அடி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லை.

இதில் ஒரு சிக்கல். விஷுவிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

விஷு சமயத்தில் ரெஜீனாவின் மகளுக்கு ஆதிகுர்பானை, அதாவது புதுநன்மை விருந்து. இலையில் மீன்குழம்பு விழுந்தது. எப்படி இருக்கிறது என்று ரெஜீனா கேட்டாள். ஜலஜா உண்மையைச் சொன்னாள். "குடம்புளி கொஞ்சம் மிஞ்சிடுச்சு." ரெஜீனா சிரித்துக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி, "உங்க பக்கம் மீன்ல தேங்காப்பாலை ஊத்திக் குழந்தைக்குக் குடுப்பீங்க, உனக்கு இது தெரியாதுடி," என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாய். ஆனாலும் ஓடம் மட்டும் தினமும் இங்கிருந்து அங்கே போய் அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஜலஜா தறியிடம் சொல்வாள். "தறியே, இந்தப் பக்கம் பாவுக் கயிறு ஒண்ணு அறுந்திருக்கு." ரெஜீனாவும் தறியிடமே பதில் சொல்வாள். "தறியே, கண்ணு உள்ளவங்க முடிஞ்சுக்கட்டும்."

அன்று ஜலஜா கைகளைத் தளர்த்திக்கொண்டு நெய்யத் தொடங்கினாள். பலகையை இழுக்கும்போது தன் முனையில் பாதி பலம்தான் கொடுத்தாள். முகத்தை மட்டும் முழுபலமாக வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. ஒரு முனை இறுகி மறு முனை தளர்ந்தால் நெய்த விளிம்பு கோணும். ரெஜீனாவின் முனை பின்தங்க, ஜலஜாவின் முனை முன்னே ஓடும். அரை முழம் போவதற்குள், சங்கத்து வேலையை மேற்பார்க்கிற மூப்பன் திவாகரன் கண்ணுக்குத் தப்பாது. ஆகையால் கோணல் தெரிய ஆரம்பித்ததும் ஒரு அடி பலமாகக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று திட்டம்.

கோணல் தெரியவில்லை.

சாயா நேரம் வந்தது. ஜலஜா நூலைக் குறுக்கே பிடித்துப் பார்த்தாள். விளிம்பு நேராக இருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். மறுபடி நூலைப் பிடித்தாள். நேர்.

இது நடக்கக் கூடாத காரியம்.

அவள் பலகையை இழுத்தபடி ஓரக்கண்ணால் வாசல் பக்கம் பார்த்தாள். ரெஜீனாவின் கை சாமானியப்பட்ட கை அல்ல. கரையில் சிக்கிய வள்ளத்தை ஆம்பிளைகளோடு சேர்ந்து தள்ளுகிற கை. அந்தக் கை இப்போது அச்சுப்பலகையைத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது.

ஜலஜா பலகையை விட்டுவிட்டாள். அவள் நெய்த பாயில் கட்டைவிரலை அழுத்தினாள். விரல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. நகர்ந்துபோய்ப் பாயின் நடுவில் அழுத்தினாள். அங்கேயும் எட்டிப் பார்த்தது.

"ரெஜீனா," என்றாள். விஷுவுக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயில் வருவது அதுதான் முதல் தடவை. "உன் கைக்கு என்ன?"

ரெஜீனா ஓடத்தைப் பிடித்தபடி நின்றாள். "உன் கைக்கு என்ன வந்துச்சோ அதுதான்."

"உனக்கு என்ன குடுத்தாங்க?"

"ஆட்டுக்கறி. அவரே வச்சாரு." கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிற அவள் புருஷன் கிளீட்டஸ் அடுப்படிக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவையாம். "உனக்கு?"

"பழம்பொரி."

"அவ்வளவுதானா?" ரெஜீனாவுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "ரொம்ப மலிவா போயிட்டியேடி."

இருவரும் பாயைப் பார்த்தார்கள். பாய் என்று சொல்ல முடியாது. வலை. ஒரு பருவம் கடலில் வீசலாம்.

அந்த நேரம் பார்த்து மூப்பன் திவாகரனின் செருப்புச் சத்தம் கேட்டது. மூப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தறிக்கு வந்தாலும் முதலில் நெய்ததைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஜலஜா யோசிக்கவில்லை. பாயின் மேல் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்துகொண்டாள். அதே கணம் ரெஜீனாவும் மறுபக்கம் குனிந்தாள். இரண்டு தலையும் பாயின் மேல் ஒன்றோடொன்று முட்டாத குறை.

"என்ன, சமாதானமாயிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றார் மூப்பன்.

"இல்லை," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மூப்பன் வந்த வழியே திரும்பிப் போனார். பெண்பிள்ளைகள் சண்டைக்கு நடுவே கட்டைவிரலை வைக்க அவருக்கு விருப்பமில்லை.

"பிரிச்சுடலாம்," என்றாள் ரெஜீனா மெதுவாக.

ஜலஜா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே காயலில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அவள் மீசையை நினைத்தாள். பாயைப் பிரித்தால் மீசைக்குக் காவலில்லை. பிரிக்காவிட்டால் அவிட்டத்தன்று இரண்டு ஊரும் கூடி நிற்கிற மைதானத்தில் இந்த வலையை விரிப்பார்கள். யார் நெய்தது என்று ஒருவன் கேட்பான். இரண்டு பேர் பெயரும் வரும்.

"பிரிக்கலாம். ஆனா வீட்ல சொல்லக் கூடாது. நீயும் கூடாது, நானும் கூடாது. கேட்டா, 'ஆச்சு'ன்னு மட்டும் சொல்லணும்."

"ஏன்?"

"ஒருத்தர்கிட்ட சொன்னா அவர் உஷாராயிடுவார். மத்தவர் மாட்டிக்குவார். ரெண்டு பேர்கிட்டயும் சொன்னா வேற ஏதாவது பண்ணுவாங்க. இந்த யோசனையே இவ்வளவு அழகா இருக்கு. அடுத்தது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு."

ரெஜீனா நினைத்துப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நெய்ததையெல்லாம் ஊடை ஊடையாக உருவி எடுத்தார்கள். பிறகு அடித்த அடியில் அடுத்த தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் தயாராகி மடக்கி வைத்தபோது மூப்பன் கட்டைவிரலை அழுத்தினார். விரல் வலித்தது. "இது கிரிக்கெட்டுக்கா, லாரி போறதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை பிரசேனன் கண்ணாலேயே கேட்டான்.

"ஆச்சு," என்றாள் ஜலஜா.

அவிட்டத்தன்று மைதானம் நிறைந்திருந்தது. சுகு ஒரு தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தான். ஜலஜாவும் ரெஜீனாவும் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் உப்பேரியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சேர்ந்து உட்கார்ந்ததே ஊருக்கு ஒரு வேடிக்கை.

காயல்புறம் முதலில் ஆடியது. கிளீட்டஸ் தூரத்திலிருந்து ஓடிவந்து, ஒவ்வொரு பந்தையும் குறிதவறாமல் சிவப்புப் பாதியில் போட்டான். ஒவ்வொரு பந்தும் முரசில் பட்ட மாதிரித் துள்ளி எழுந்து மட்டைக்குத் தோதான உயரத்தில் போய் நின்றது. பையன்கள் வெளுத்துக் கட்டினார்கள். கிளீட்டஸ் குனிந்து பாயைத் தடவிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் மனைவியைத் தேடினான். பார்வை ஒரு கேள்வி.

ஜலஜா பக்கத்தில் பார்த்தாள். ரெஜீனா தன் உள்ளங்கை ரேகையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி நீண்ட நேரம் நடந்தது. கிளீட்டஸ் மறுபடியும் சிவப்பிலேயே போட்டான்.

அடுத்து கடப்புறம் ஆடியது. பிரசேனன் பச்சையிலேயே போட்டான். அடி, அடி என்று அடித்தார்கள். இரண்டு கேப்டன்களும் இப்படி ஒரே இடத்தில் போட்டு உதை வாங்கியதை அந்த மைதானம் பார்த்ததில்லை. "பிரசேனா, அந்தப் பச்சையில உனக்கு என்னடா சொத்து இருக்கு?" என்று எவனோ கத்தினான்.

கடைசிப் பந்து வந்தது. கடப்புறம் ஜெயிக்க மூன்று ஓட்டம் வேண்டும். மட்டையோடு நிற்பது கிளீட்டஸ். பந்தோடு நிற்பது பிரசேனன்.

பிரசேனன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தான். ஜலஜாவைக் கண்டுபிடித்தான். மெதுவாக மீசை நுனியைத் தொட்டான்.

அவ்வளவு தூரத்திலிருந்தும் அவளுக்குப் புரிந்தது. *பச்சையிலேயே போடட்டுமா?*

தலையை ஒரு தடவை இடமும் வலமும் அசைத்தால் போதும். யாருக்கும் தெரியாது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கின மாதிரிகூட இருக்கும். ஜலஜாவின் கழுத்து அரித்தது. பக்கத்தில் ரெஜீனா அவளைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

ஜலஜா ஒரு உப்பேரியை எடுத்து வாயில் போட்டாள். கழுத்தை அசைக்காமல் மென்றாள்.

பிரசேனன் ஓடிவந்தான். பந்து பச்சைப் பாதியில் விழுந்தது. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக எழுந்தது. கிளீட்டஸின் மட்டை அதைச் சந்தித்த சத்தம் படகுத்துறை வரை கேட்டிருக்கும். பந்து தென்னை மரங்களைத் தாண்டி வாய்க்காலுக்குள் போனது. வாத்துகள் பறந்ததை வைத்துத்தான் விழுந்த இடம் தெரிந்தது.

சுகு வேலையை முடித்தபோது கிளீட்டஸ் குடை பிடித்தான். அது அவனுடைய மரியாதை.

வீட்டுக்கு வரும்வரை பிரசேனன் தோர்த்துத் துண்டால் வாயை மூடியிருந்தான். முற்றத்தில் ஜலஜா நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேசினான்.

"உன் பாதி..."

"சரியாத்தான் நெய்தேன் சேட்டா. நல்ல பாய். நீங்க சொன்ன மாதிரிதான் முதல்ல செய்தேன். அப்புறம் பிரிச்சுட்டேன்."

தோர்த்துக்கு மேலே இரண்டு கண்கள் அவளை வெகுநேரம் பார்த்தன.

"கிளீட்டஸும் ரெஜீனாகிட்ட கேட்டானா?"

"ஆட்டுக்கறி வச்சுக் கேட்டிருக்கார்."

தோர்த்து முதலில் லேசாக நடுங்கியது. பிறகு நன்றாகவே குலுங்கியது. "அப்போ அவன் அந்தச் சிவப்புல..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் பிரசேனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். தோர்த்து நழுவிக் கீழே விழுந்தது.

அந்த மேலுதட்டைக் கண்டதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜலஜா சட்டென்று எழுந்து நின்றாள்.

ஓண விடுமுறை முடிந்து சங்கம் திறந்ததும் ரெஜீனா வாசலோர முனைக்கு வந்தாள். ஓடத்தில் ஊடையைச் சுற்றியபடியே கேட்டாள். "எப்படிடி இருக்கு வீட்ல?"

"சௌதாமினி சேச்சி வந்து தங்கின மாதிரி இருக்கு. நேத்து ராத்திரி அவர் தண்ணி கேட்டாரு. நான் 'இதோ சேச்சி'ன்னுட்டேன்."

ரெஜீனா தறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒரு தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினாள். மூடியைத் திறந்தால் மீன்குழம்பு, சிவப்பாக, குடம்புளித் துண்டு மேலே மிதக்க.

"சொல்லு."

ஜலஜா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மறுபடி ஒரு தடவை தொட்டு வைத்தாள்.

"இப்பவும் கொஞ்சம் மிஞ்சித்தான் இருக்கு."

ரெஜீனா ஓடத்தைத் தள்ளினாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே. ஜலஜா பிடித்தாள்.