மஞ்சள் பொம்மை வீடு திரும்பவில்லை

சலவைக் கடைக்கு மேல்மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 'கோ' என்ற ஒரே வினையை வைத்தே ஒரு வாரம் ஓட்டிவிடுவேன். அது இயங்கும் விதத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. கடை, சந்தை என்றால் நடுவில் 'டு' என்று ஒரு பாலம் வேண்டும்: கோ டு த மார்க்கெட். உலாவப் போவதென்றால் 'ஃபார்': கோ ஃபார் எ வாக். நீச்சலுக்குப் பாலமே வேண்டாம், நேராகக் குதித்துவிடலாம்: கோ ஸ்விம்மிங். வீட்டுக்கும் வேண்டாம்: கோ ஹோம்.

இதை விளக்கக் கம்பளித் துணி போர்த்திய பலகை ஒன்று உண்டு. அதில் சந்தை, பூங்கா, நீச்சல்குளம், வீடு. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப் பொம்மை வெட்டியிருக்கிறேன். வாக்கியம் சொல்லி, பொம்மையை அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். வகுப்பு முடிந்ததும் எல்லாப் பொம்மைகளையும் நானே வீட்டில் சேர்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.

அன்று, என்னிடமே படிக்கும் என் தங்கை தன் மஞ்சள் பொம்மையைக் குளத்தில் ஒட்டி, "ஐ கோ ஸ்விம்மிங்" என்றாள்.

அவளோடு படிக்கும் ரொட்டிக்கடை அண்ணன் விடவில்லை. "வாளித் தண்ணியப் பாத்தாலே பத்தடி தள்ளி நிக்கிற ஆளு, நீச்சலாம்ல!"

"உங்க ரொட்டிய இடுப்புல கட்டிக்கிட்டுக் குதிக்கிறேண்ணே. நேரா அடிக்குப் போயிடலாம்."

அறையே குலுங்கியது. அந்தச் சிரிப்பில் மற்ற பொம்மைகளை வீடு சேர்த்தவள், மஞ்சளை மறந்துவிட்டேன்.

காலையில் தங்கை கணவர் போன் செய்தார். "அக்கா, அவ உங்க வீட்லயா இருக்கா? நேத்துலேருந்து வரல. போனும் எடுக்கல. பாப்பா அழுதுக்கிட்டே இருக்கு."

எனக்கு மஞ்சள் பொம்மை ஞாபகம் வந்தது. ஏன் வந்ததென்று யோசிக்கக்கூட நிற்காமல் வகுப்பறைக்கு ஓடினேன்.

அது குளத்திலேயே இருந்தது. தொட்டேன், சில்லென்று சொட்டியது. கூரை ஒழுகவில்லை, பலகையின் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. பிய்த்தால் வரவில்லை. அந்தப் பக்கமிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இழுத்தது.

"கோ ஹோம்" என்றேன். இரண்டு கையாலும் இழுத்து, வீட்டில் வைத்து அழுத்தினேன்.

போன் அடித்தது.

"வந்துட்டாக்கா! தலையெல்லாம் தண்ணி, வாயே தொறக்க மாட்டேங்குறா. பரவால்ல, வந்துட்டா!"

அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன்.

"கூட வந்திருக்கிறது யாருக்கா? உங்க வகுப்புல படிக்கிறவங்களா? வாசல்லயே சொட்டச் சொட்ட நிக்குறாங்க."

பலகையைப் பார்த்தேன். மஞ்சள் பொம்மையின் முதுகோடு ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் இன்னொன்று வந்திருந்தது. நான் வெட்டியதில்லை அது. பாதி உடம்பு இன்னும் வீட்டுக்கு வெளியே இருந்தது. அதை நகத்தால் அழுத்திப் பிடித்தேன்.

"கதவச் சாத்துங்க தம்பி! உள்ள விடாதீங்க!"

அவர் பதில் சொல்வதற்குள், போனில் தங்கையின் குரல் அன்பாகக் கேட்டது.

"ஏன் அங்கேயே நிக்கிற? உள்ள வா."

என் நகத்துக்கடியில் ஈரத்துணி மெல்ல நகர்ந்தது.