தொழில் என்ற இடத்தில்

நிலக்கரிக் கிடங்கை விரிவாக்குவது பற்றி எர்ணாவூர் சமுதாயக் கூடத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். வாசலில் பெயர் பதிந்து டோக்கன் வாங்கினால்தான் பேசலாம். பதிவு மேசையில் இருந்த குமாஸ்தா வல்லரசு, கன்னியம்மாவின் படிவத்தை நிறுத்திப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் 'தண்ணீர் பரிசோதனை' என்று எழுதியிருந்தாள்.

"எந்த கம்பெனிமா?"

"உர ஃபேக்டரி லேப். இருபத்தொம்பது வருஷம். போன வருஷம் அனுப்பிட்டாங்க."

"அப்ப ஓய்வு பெற்றவர்னு போடுங்க. அவங்க கடைசில, டைம் இருந்தா பேசலாம்."

வேலையிலிருந்து அனுப்பப்பட்ட மறுநாளே அந்த வார்த்தையைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஜஸீமாவிடம் கேட்டிருந்தாள் கன்னியம்மா. ஜஸீமா அச்சகத்தில் பிழை திருத்துபவள்.

"ஓய்றதுன்னா களைச்சு நின்னு போறது. மழை ஓய்ஞ்சுச்சுன்றோமே, அதான். ரிட்டயர்ன்ற வார்த்தை பிரெஞ்சுலேர்ந்து வந்தது. பின்வாங்கறதுன்னு அர்த்தம். சண்டைல படை பின்வாங்குமே, அந்த மாதிரி."

"நான் களைக்கவும் இல்ல, பின்வாங்கவும் இல்ல. அப்போ எனுக்கு இன்னா பேரு?"

 

இப்போது கன்னியம்மா படிவத்தைத் திரும்ப வல்லரசின் மேசைமேல் வைத்தாள். "தம்பி, பெற்றவர்னா நானே போய் கேட்டு வாங்கினேன்னு ஆவும். நான் கேக்கல. எழுதினத மாத்தவும் மாட்டேன்."

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற மீனவர் செல்வம் முன்னே வந்தார். "அக்காவுக்கு டோக்கன் குடு சார். இல்லாங்காட்டி நாங்க ஒருத்தரும் பேர் எழுத மாட்டோம்."

வல்லரசு நான்காம் எண்ணைக் கிழித்துக் கொடுத்தார்.

மேடையில் ஏறியதும் கிடங்குக் கம்பெனி தந்திருந்த தண்ணீர் அறிக்கையை அவள் விரித்தாள்.

"ஊர்ல ஆறு கிணத்துத் தண்ணிக்கும் பி.எச்., அதான் புளிப்பு அளவு, ஏழு புள்ளி ரெண்டுன்னு கீது. பன்னெண்டு மாசமும் அதே நம்பர். அடமழைலயும் அதான், கத்திரி வெயில்லயும் அதான். அப்டி ஒரு தண்ணிய நான் பார்த்ததில்ல. இது கிணத்துல பாட்டில் எறக்கி எழுதினதில்ல, நாற்காலில குந்திகினு எழுதினது."

கம்பெனி அதிகாரி ரகுபதி சிரித்தார். "மேடம் ரிட்டயர்டு. இப்ப மெஷின் எல்லாம் புதுசு."

"மெஷின் புதுசு சார். தண்ணி பழசுதான்."

கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரி, மாதிரி எடுத்தது யார் என்று கேட்டார். ரகுபதி பக்கங்களைப் புரட்டினார். அறிக்கையில் ஒரு பெயரும் இல்லை. ஊர்க்காரர்கள் முன்னால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

வியாழக்கிழமை காலை கம்பெனி ஆள் பாட்டிலை அப்படியே முக்கப் போனான். கன்னியம்மா அதை வாங்கி, கிணற்று நீரிலேயே மூன்று முறை அலசிக் கொட்டி, பிறகு நிரப்பினாள். மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

ஆறு கிணறுகளுக்கும் ஆறு வெவ்வேறு எண்கள் வந்தன. அறிக்கை பொய்யானதால் கிடங்கை விரிவாக்க அந்த ஆண்டு அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்போம் என்றது கம்பெனி. வரட்டும் என்றாள் கன்னியம்மா.