காப்பு அவிழும் வரை

மாயவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று மரக்காணம் உப்பளத்துப் பக்கம் பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். அப்படிச் சொல்ல வைத்தவனே அவன்தான். ஆரோவில்லில் மரக்கன்று நடக் குழி வெட்டப் போனவன், சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினானோ இல்லையோ, வாய் ஓயாது. 'எஸ்டர்டே' என்றால் நேற்று, 'பிஃபோர்' என்றால் முன்னே, 'லாஸ்ட் வீக்' என்றால் போன வாரம். நடந்து முடிந்ததைச் சொல்ல வெள்ளைக்காரனிடம் இத்தனை வார்த்தையா என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். எல்லாவற்றிலும் பிடித்தது 'எர்லி'. வெயில் ஏறுவதற்குள் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவான். "மாயவன், எவ்ரி டே எர்லி" என்று வேலை வாங்கும் வெள்ளைக்காரர் முதுகில் தட்டுவார். அந்தத் தட்டலை ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்தான்.

அந்தச் சித்திரையில் லீவு போட்டுவிட்டு வந்து மாரியம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டான். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால், அவிழ்க்கிற வரைக்கும் அவனும் சரி, அவன் வீட்டாரும் சரி, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டிய மறுநாளே மகள் அஞ்சம்மாளுக்குக் காய்ச்சல். மூன்று வயதுப் பிள்ளை, உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை போட்டிருந்தது.

அம்மை என்றால் வேப்பிலைதான். அவன் பெண்டாட்டி சாலம்மாளும் அதைத்தான் செய்தாள். ஆனால் மணல்வாரி இறங்கிய பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளைக்கு இருமலோடு மூச்சு இழுக்கத் தொடங்கியதும், உப்பு வாரப் போகாமல் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"நீ வேலை செய்யிற எடத்துல டாக்டரம்மா இருக்காங்கன்னியே. இப்பவே தூக்கினு போலாம்யா."

"காப்ப கட்டிக்கினு எல்லைய தாண்டுனா ஆத்தா புள்ளையத்தான் கேப்பா. தீமிதி முடியட்டும்."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"வாயக் கழுவுடி."

வீம்புக்குச் சொன்னான் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். மகள்மேல் உயிரையே வைத்திருந்தான். பயந்து செத்தான், அவ்வளவுதான். மறுநாளும் அவள் கேட்டாள். அதே பதில்தான் வந்தது.

தீமிதித்தான். காலில் ஒரு கொப்புளமில்லை. ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்று ஊரே சொன்னது. விடிந்ததும் காப்பை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சாலம்மாளோடு முதல் பஸ்ஸில் ஏறினான்.

ஆரோவில் கீற்றுக் கொட்டகையில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா, பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, எப்போதிருந்து என்று கேட்டார்.

"எஸ்டர்டே" என்றான் மாயவன். வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் பொய். உண்மை தெரிந்தால் திட்டுவார்களோ என்ற பயம்.

டாக்டரம்மா கறுத்துப்போன தடிப்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "நாட் எஸ்டர்டே."

"பிஃபோர்..." என்று இழுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "லாஸ்ட் வீக்" என்றான்.

அவர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோதே பிள்ளையின் மூச்சு நின்றது. நெஞ்சை அழுத்தினார், வாயில் வாய் வைத்து ஊதினார், மறுபடியும் அழுத்தினார். கடைசியில் கையை எடுத்துவிட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னார்: "யூ ஷுட் ஹேவ் கம் எர்லியர்."

வெள்ளைக்காரர் முதுகில் தட்டித் தட்டி அவனுக்குப் பழக்கிய வார்த்தைதான் அது.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் சாலம்மாள்.

ஊருக்கெல்லாம் அர்த்தம் சொன்னவன் துண்டை எடுத்துப் பிள்ளையின் காலைப் போர்த்தினான். அவள் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"முன்னாடியே கொண்ணாந்திருக்கணுமாம்."

சாலம்மாள் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். அவள் குரலே உயரவில்லை.

"இதத்தான்யா நான் தமிழ்ல சொன்னேன்."